நாலு அங்குலப் பஞ்சும் மூன்று அங்குல இடைவெளியும்

ஷமீமா, உனக்கு சலாம். மாப்பிள்ளைக்கும் சொல்.

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கடையில் மெத்தை அளவு குறிக்கிற நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். பின்பக்கம் யாருடைய தலையணைக் கணக்காவது இருந்தால் அதைப் பார்க்காதே. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசியதால் வந்த வினைதான் இது. பத்து நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது நீ வேலூரிலிருந்து கூப்பிட்டாய். "அத்தா, கரு தங்கலத்தா" என்று சொன்னாய். அதற்கு உன்னைப் பெற்றவன் சொன்ன பதில்: "மாஷா அல்லாஹ்! ரொம்ப சந்தோஷம்மா. மாடி ஏறி எறங்கிக்கினு இருக்காத, உடம்பப் பாத்துக்கோ." நீ ஒன்றும் பேசாமல் போனை வைத்தாய். வெட்கப்படுகிறாய் என்று நான் நினைத்தேன். எதிர்க் கடையில் ஒரு கிலோ இனிப்பு வாங்கி, டீக்கடைக்காரருக்கும் சைக்கிள் கடைக்காரருக்கும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். மிச்சத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், உன் அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்து, "இன்னாத்துக்கு ஸ்வீட்டு?" என்று கேட்டாள்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் என் வாயில் முதலில் வந்தது பொய்தான். "டவர் இல்ல, விட்டு விட்டுக் கேட்டுது" என்றேன். அவள் அதை அப்படியே உன்னிடம் சொன்னாள். நீயும் "பரவால்லமா, அத்தாவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாயாம். ஷமீமா, அன்றைக்கு டவர் நன்றாக இருந்தது. உன் குரலும் தெளிவாகத்தான் வந்தது. என் காதுதான் கேட்கவில்லை. 'கரு' என்பது விழுந்தது. அதற்குப் பிறகு நீ சொன்னது இழுத்த மூச்சு மாதிரி மட்டும் வந்தது. எனக்கு எது ஆசையோ அதை அந்த இடத்தில் நானே போட்டு நிரப்பிக்கொண்டேன். இரண்டு வருடமாகவே இப்படித்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இதை உன்னிடம் மறைத்தேன், உன் அம்மாவிடம் மறைத்தேன். மறைக்கும் வித்தையை இந்த வீட்டில் ஆரம்பித்து வைத்ததும் நான்தான். அதை முதலில் உனக்குத்தான் கற்றுக்கொடுத்தேன். அதனால் அந்த ஒரு பதிலுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதாது. ஆரம்பத்திலிருந்தே வருகிறேன்.

உனக்கு எட்டு வயது இருக்கும். உங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளையெல்லாம் வரிசையாகக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள், தூண் மண்டபத்தைப் பார்ப்பதற்கு. கல் தரை, கல் தூண், கல் கூரை. அங்கே ஒருவர் பேசினால் அந்தப் பேச்சு அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் விழும். டீச்சர் அந்தக் கோடியில் நின்று "கெளம்பலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார். நீ ஒரு தூணில் இருந்த குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாய். எல்லாரும் போன பிறகு அங்கிருந்த காவல்காரர்தான் உன்னைக் கையைப் பிடித்துக் கடைக்குக் கொண்டுவந்து விட்டார். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எனக்கு உயிரே போய்த் திரும்பியது. அந்தப் பயத்தையெல்லாம் கோபமாக மாற்றி உன் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். "கூப்ட்டா கேக்காதா? செவிடா நீ?" என்று கத்தினேன். நீ என் முகத்தைப் பார்த்து, "ஆமாத்தா" என்றாய். வாய்க்கு வாய் பேசுகிறாய் என்று இரண்டாவது அறையும் விட்டேன். நீ கொடுத்த பதிலையே இரண்டு வருடம் கழித்து டாக்டர் படம் போட்டுக் காட்டிச் சொன்னார். அப்போதும் அந்த இரண்டாவது அறையைப் பற்றி உன்னிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசுகிறேன். நீ அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னாய். நான்தான் உண்மைக்காக உன்னை அடித்தேன்.

காதுக்கு மெஷின் வாங்கி மாட்டினோம். மாட்டிய அன்றைக்கே உன் தலையில் முக்காடு போட்டு, காது இரண்டையும் மூடி, இறுக்கிக் கட்டிவிட்டேன். "யாருக்கும் தெரியக் கூடாது, நாளைக்கு ஒருத்தன் உன்ன கட்டிக்க வரணும்" என்று பத்து வயதுப் பெண்ணிடம் சொன்னேன். துணி அழுத்தினால் அது கீய்யென்று விசில் அடிக்கும். பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள், நீயும் யார் போனோ என்பது போலத் திரும்பிப் பார்ப்பாய். அந்த நடிப்பை நான் ரசித்தேன். கெட்டிக்காரி என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன். உதட்டைப் பார்ப்பது, எல்லாரும் சிரிக்கும்போது அரை நொடி தள்ளிச் சிரிப்பது, புரியாததற்கெல்லாம் தலையாட்டுவது என்று ஒவ்வொன்றாகப் பழகினாய். வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று படுத்துக்கொள்வாய். நாள் முழுக்க அப்படி நடித்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? அது எனக்கு இந்த இரண்டு வருடத்தில்தான் தெரிந்தது.

நீ காலேஜ் படிக்கும்போது உன் பெரியம்மா மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கடையில் நீ வேறு பெண்ணாக இருந்தாய். புடவை எடுத்துப் போடுகிறவர் முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினாலும் பதில் சொன்னாய். அவர் சொன்ன விலையைக் கேட்டு நீ அடித்த கிண்டலில் அவரே சிரித்துவிட்டார். நான் ஆச்சரியமாகப் பார்த்தேன். வெளியே வந்ததும், "அத்தா, அந்தக் கடையில செவுரே தெரியல பாத்தீங்களா? தரையிலேர்ந்து மேல வரைக்கும் பட்டு. ஒரு சத்தம்கூட திரும்பி வரல" என்றாய். நீ எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்னாய் என்று எனக்கு அப்போது புரியவில்லை. "அப்ப அந்தக் கடையிலயே வேலைக்கு சேந்துடு" என்று சொல்லிச் சிரித்தேன். அதே கல்யாணம் நடந்த மண்டபத்தில், பளபளவென்று டைல்ஸ் பதித்த அந்தக் கூடத்தில், நீ மறுபடி ஒரு மூலையில் போய் உட்கார்ந்து எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாய்.

பிறகு வாலாஜாபாத் ரோட்டில் அந்தப் பள்ளிக்கூடத்தில் உனக்கு வேலை கிடைத்தது. ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல். புதுக் கட்டடம். தோள் உயரத்துக்கு டைல்ஸ், கீழே கிரானைட், மேலே வெறும் கான்கிரீட். தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைகள் இயல்பாகவே சத்தமாகப் பேசும், அதுகள் பேசுவது மட்டும் நன்றாகப் புரிகிறது என்று முதல் வாரம் சொன்னாய். மற்றப் பிள்ளைகள் கேட்கிற கேள்வியெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து வருகிறது என்றாய். பெற்றோர் சிலர் போய்ப் புகார் சொன்னார்கள், மிஸ் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்று. தலைமையாசிரியை ஒருநாள் வகுப்பில் வந்து உட்காரப் போவதாகச் சொல்லிவிட்டார். நீ இதை அம்மாவிடம்தான் சொன்னாய், நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். அப்போது எனக்குக் கேட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரிடமும் அளவு கேட்காமல், கடையில் மிச்சம் கிடந்த திரைத் துணியையெல்லாம் தைத்து, வாட்ச்மேனைப் பிடித்துக் கதவைத் திறக்கச் சொல்லி, பின்சுவரிலும் ஜன்னல்களிலும் இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன். பஞ்சுக் கடைக்காரனுக்குத் துணியைப் பற்றித் தெரியாதா என்ற நினைப்பு.

திங்கட்கிழமை நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள். தென்னேரியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண், கடைசி பெஞ்சு, எழுந்து "மிஸ், காத்துல சத்தத்தோட வேகம் எவ்ளோ?" என்று கேட்டிருக்கிறாள். உன் காதில் 'காத்துல' மட்டும் விழுந்தது. காற்றில் ஈரப்பதம் எவ்வளவு இருக்கும் என்று நீ விளக்க ஆரம்பித்தாய். வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை. பரீட்சை வரைக்கும் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாயந்தரம் நீ வந்ததும் நான் கேட்டேன், "துணி கட்டியிருந்தேனேமா, பத்தலையா? இன்னும் ரெண்டு சுத்து கட்டட்டா?" நீ முதல் தடவையாக என்னிடம் குரலை உயர்த்தினாய். "உங்க துணிதான் அத்தா என் பாடத்த தின்னுடுச்சி!" என்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் நீ தோளில் ஒரு பாக்ஸ் ஸ்பீக்கரோடு கடைக்கு வந்தாய். தோழி வீட்டிலிருந்து வாங்கி வந்தது என்றாய். கடைக்குப் பின்னால் பஞ்சு வைக்கிற அறையைக் காலி செய்யச் சொன்னாய். டேப் வைத்து அளந்தாய். நீளம் சரியாகப் பத்தடி. என் மெத்தை நோட்டிலேயே கணக்குப் போட்டாய். "சத்தம் ஒரு நொடிக்கு ஆயிரத்து நூத்தி முப்பது அடி போவும் அத்தா. அது ஒரு நொடியில எத்தன தடவ அதிருதோ, அதால வகுத்தா ஒரு அலையோட நீளம் வரும். நூத்திப் பதிமூணு தடவ அதிர்ற சத்தத்துக்கு எவ்ளோ வருது?" நான் வகுத்துப் பார்த்தேன். பத்தடி வந்தது. "உங்க ரூமும் பத்தடி. இப்ப பாருங்க" என்று சொல்லிப் போனைத் தட்டினாய். 'ம்ம்ம்' என்று வண்டு முரல்வது போல ஒரு சத்தம் அறையை நிறைத்தது. சுவரை ஒட்டி நின்றபோது அது என் நெஞ்சிலேயே அதிர்ந்தது. "மெதுவா முன்னால வாங்க" என்றாய். ஓர் அடி, இரண்டடி, இரண்டரை அடி. சத்தம் காணாமல் போனது. "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "போவல. திரும்பப் பின்னால போங்க." போனேன், சத்தம் அங்கேயே இருந்தது. அன்றைக்கு நான் அந்த அறையில் முன்னும் பின்னுமாக எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. அலையில் கால்வாசி இரண்டரை அடி, அங்கே ஒரு பள்ளம். முக்கால்வாசி ஏழரை அடி, அங்கே இன்னொரு பள்ளம். சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன். முப்பது வருடமாக அந்த அறையில் புழங்குகிறேன், அப்படி ஓர் இடம் அதில் இருப்பது தெரியாமல்.

"இந்தப் பத்தடி அலைக்கு உங்க திரைத் துணி எம்மாத்திரம்? அது இருக்கறதே இதுக்குத் தெரியாது" என்றாய் நீ. பிறகு 'ஸ்... ஸ்...' என்று சொல்லிக் காட்டினாய். அது நொடிக்கு நாலாயிரம் தடவை அதிர்வது, அலை மூன்றரை அங்குலம்கூட இல்லை. ச, த, க என்று சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற சத்தமெல்லாம் சின்ன அலைகள். அவற்றை மெல்லிசான துணியும் பிடித்துவிடும். கும்மென்று நிற்கிற பெரிய அலைகளை அது தொடாது. "வகுப்பு வெறும் அறையா இருந்தப்ப கும்மும் இருந்துச்சி, எழுத்தும் இருந்துச்சி. நீங்க எழுத்த மட்டும் எடுத்துட்டு கும்ம விட்டுட்டீங்க. என் காதும் அந்த எழுத்தத்தான் விடுது." நீ இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வாடிக்கையாளரிடம் நான் பஞ்சு ரகம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாய். நல்லது செய்வதாக நினைத்து நான் உனக்குச் செய்த காரியங்கள் பலவும் இந்த ரகம்தானோ என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. முக்காட்டைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு வாடிக்கையாளர் வந்தார், விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தான் நம் இருவருக்கும் நல்ல நாட்கள் என்று நான் நினைக்கிறேன். அலை சுவரில் மோதுகிற இடத்தில் காற்று அசையாது, அலையில் கால்வாசி தூரம் தள்ளித்தான் நன்றாக அசையும், அங்கே பஞ்சு இருந்தால் அதில் உரசி உரசி அடங்கிவிடும் என்றாய். வகுப்பில் பேச்சை மூடுகிற ஐந்நூறு அதிர்வுச் சத்தத்துக்கு அலை இருபத்தேழு அங்குலம், கால்வாசி ஏழு அங்குலத்துக்குப் பக்கம். மரச் சட்டத்தில் நாலு அங்குலப் பஞ்சு, அதற்கும் சுவருக்கும் நடுவில் மூன்று அங்குலம் இடைவெளி. "சும்மா காத்துக்கு எதுக்குமா மூணு அங்குலம்? ஏழும் பஞ்சாவே போட்டுத் தரேன்" என்றேன். "அந்தக் காத்தும் வேல செய்யுது அத்தா, பஞ்சு மிச்சம்" என்றாய். முதல் சட்டத்தில் மெத்தைக்கு அடைப்பது போலக் கெட்டியாக அடைத்தேன். நீ விரலால் குத்திப் பார்த்து, "இது மேல யாரும் படுக்கப் போறதில்லத்தா" என்றாய். பிரித்து, மறுபடி அடித்துப் பூவாக்கி அடைத்தேன். உறைக்கு ரெக்ஸின் போட்டால் துடைக்க வசதி என்றேன். துணியை என் வாயில் வைத்து ஊதச் சொன்னாய், மூச்சு அந்தப் பக்கம் வராத துணி ஆகாது என்றாய். கடைசியில் அம்மா மூச்சு போகிற பழைய மல் துணியில் உறை தைத்தாள். பன்னிரண்டு சட்டம். பின்சுவரில் எட்டு, பக்கச் சுவரில் நாலு.

மாட்டி முடித்த மறுநாள், சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் சாக்கில் நான் வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். நீ உள்ளே போனதும் முதலில் முக்காட்டை அவிழ்த்துக் காதுக்குப் பின்னால் தள்ளிக் கட்டினாய். இரண்டு மெஷினும் எல்லாருக்கும் தெரிந்தன. "எனக்குக் காது கொஞ்சம் கம்மி. கேள்வி கேக்கறவங்க எழுந்து என் மூஞ்சப் பாத்துக் கேளுங்க. புரியலன்னா திரும்பக் கேப்பேன். நான் சொல்றது உங்களுக்குப் புரியலன்னா நீங்களும் அதே மாதிரி கேக்கணும்" என்றாய். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. தென்னேரிப் பெண் எழுந்து வேறு ஏதோ கேட்டாள், நீ பதில் சொன்னாய். பின்னால் இருந்த ஒரு பையன் எழுந்து, இதுவரை பாதிதான் கேட்டது என்று அவனாகவே சொன்னான். இடைவேளையில் தலைமையாசிரியை வந்து சட்டத்தைத் தட்டிப் பார்த்து, பக்கத்து வகுப்புக்கும் செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்துத் தலையாட்டினேன். ஆனால் ஷமீமா, அன்றைக்கு என் மனதில் இருந்தது சந்தோஷமில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி இவளை யார் கட்டுவார்கள் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். உன் வேலை தப்பியது, நீ தலைவலி இல்லாமல் வீட்டுக்கு வர ஆரம்பித்தாய். என் புத்தி அங்கே போகவில்லை.

வேலூர்ச் சம்பந்தம் வந்தபோதும் நான் தரகரிடம் மூச்சு விடவில்லை. நீதான் எல்லார் முன்னாலும், பலகாரத் தட்டை வைத்துவிட்டு, உன் காதைப் பற்றி நேராகச் சொன்னாய்.  மாப்பிள்ளை ஒன்றுதான் கேட்டார்: "எந்தப் பக்கம் ஒக்காந்து பேசினா ஒனக்கு நல்லா கேக்கும்?" நீ வலது பக்கத்தைக் காட்டினாய், அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த மனிதருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டு.

இனி என் கதை. பஞ்சு அடிக்கிற மெஷின் முன்னால் நாற்பது வருடம் நின்றவன் நான். டாக்டர் கேட்டபோதுதான் அந்தக் கணக்கே போட்டுப் பார்த்தேன். முதலில் குழந்தைகள் பேசுவது புரியாமல் போனது. பிறகு பள்ளிவாசலில் பயான் பேச்சு வெறும் ராகமாகக் கேட்டது. டிவி சத்தத்தை ஏற்றினால் உன் அம்மா திட்டுவாள், டிவி பழசு என்பேன். ஐந்தடி மெத்தை கேட்டவருக்கு ஆறடி தைத்துவிட்டு, நீங்கதான் சொன்னீங்க என்று சாதித்தேன். நீ போன் செய்யும்போதெல்லாம் உன் குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து, 'ஆங்', 'சரிமா', 'நல்லது' என்று மாற்றி மாற்றிப் போடுவேன். போன வருடம் முழுக்க நீ என்னிடம் சொன்னதில் பாதி எனக்குத் தெரியாது. உன் வீட்டுக் கூடத்தில் எந்தச் சுவரில் சட்டம் மாட்டினாய் என்று ஒருநாள் நெடுநேரம் விளக்கினாயே, அதற்கும் சரிமா என்றுதான் சொன்னேன். எந்தச் சுவர் என்று தெரியாது.

இனிப்புப் பெட்டியோடு வந்த மூன்றாம் நாள் உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். "அவகிட்ட நீங்களே சொல்லுங்க, என் வாயால நான் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். உனக்கு முன்னால் எங்களுக்கு ஒன்று தங்கவில்லை. அது உனக்குத் தெரியாது. அன்றைக்கு நான், "அடுத்தத பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுநாளே கடைக்குப் போய் மெஷினை ஓடவிட்டேனாம். அந்தச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். "அன்னிக்கு ஒங்களுக்குக் காது நல்லாத்தான் கேட்டுது, ஆனா எங்கிட்ட ஒண்ணும் கேக்கலியே நீங்க" என்றாள்.  அதனால் உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அடுத்தது என்ற பேச்சை யார் எடுத்தாலும், அது நானாகவே இருந்தாலும், நீ தலையாட்டாதே. எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் இந்தப் பிள்ளைக்காக வருத்தப்படு. அங்கே நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லு. மாப்பிள்ளையையும் அழவிடு, அவருக்கும் அது பிள்ளைதான்.

செவ்வாய்க்கிழமை காதைச் சோதிக்கப் போனேன். ஒரு சின்னக் கூண்டு மாதிரி அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். சுவரெல்லாம் தடிமனான பஞ்சுப் பட்டை. நான் கைவிரலால் அழுத்தி அளவு பார்த்தேன், நாலு அங்குலம் இருக்கும். என் மூச்சு எனக்கே கேட்டது. ஹெட்போனில் சத்தம் வரும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் வந்த பெரிய அலைகளுக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது போல என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இன்னும் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். அவள் அனுப்பிக்கொண்டிருக்கிறாள், எனக்குத்தான் வரவில்லை என்று விளங்கியபோது, கூண்டுக்குள்ளேயே அழுதுவிட்டேன். எட்டு வயதில் நீ இப்படித்தானே மண்டபத்தில் நின்றிருப்பாய். அந்தப் பெண் பதறிக் கதவைத் திறந்து, "இன்னாச்சி பாய்?" என்றாள். "ஒண்ணுமில்லமா, எம்பொண்ணு ஞாபகம்" என்றேன். அவள் காட்டிய படத்தில் கோடு வலது பக்கம் போகப் போகச் சரிந்து கிடந்தது. "சின்ன அலையெல்லாம் போச்சா?" என்று கேட்டேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். எம்பொண்ணு டீச்சர் என்றேன்.

மெஷின் வர இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அது வரைக்கும் நான் காத்திருக்கப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வேலூர் பஸ் பிடித்து வருகிறேன், அம்மாவும் வருகிறாள். சமையல் எதுவும் நீ செய்ய வேண்டாம், அம்மா கட்டி எடுத்து வருவாள். வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாதே, சும்மா உட்கார்ந்திருக்கலாம். பேசினால், மெதுவாகவோ வேகமாகவோ, அழுதுகொண்டோ, உனக்கு எப்படி வருகிறதோ அப்படிப் பேசு. எனக்கு விளங்காததை விளங்கவில்லை என்று சொல்வேன். திரும்பச் சொல்லும்மா என்று கேட்பேன். பத்துத் தடவை கேட்க வேண்டி வந்தாலும் கேட்பேன். முழுசாகக் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பேன்.

உன் அத்தா